தொடக் கூடாத குடம்

“வந்தா வரும், வராட்டா போவும். இதச் சொல்றதுக்காடி இத்தினி வருஷம் படிச்ச?”

என் அத்தை கேட்ட கேள்வி இது. பிளஸ் டூ வந்த புதிதில், கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது, அதை நடத்தத்தான் டவுன் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமை பொங்கச் சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று அத்தை கேட்டாள். காசைச் சுண்டினால் பூ விழுமா தலை விழுமா என்பதிலிருந்து தொடங்கி விளக்கினேன். அடுப்பிலிருந்து பார்வையை எடுக்காமல் இப்படிக் கேட்டுவிட்டு அவள் சோற்றை வடிக்கப் போனாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அப்பா மாட்டு வண்டி ஓட்டினார். கடலை மூட்டைகளை மில்லுக்குக் கொண்டுபோய் இறக்குவார். பி.எஸ்ஸி. வேலூரில், பி.எட். சென்னையில். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், பசித்தது, தேறினேன். வேலைக்கான உத்தரவு வந்த அன்று அப்பா வண்டி மாட்டுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார். எனக்குத் தலைக்கனம் என்று பலர் சொல்வார்கள். இருந்தது. இப்போதும் கம்மியாகவில்லை.

பள்ளி மலரில் ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கம் இது. நரைத்த தலைகளின் படங்களுக்கு நடுவில் முப்பத்திரண்டு வயதுக்காரி எழுதுவது வேடிக்கைதான். ஆனால் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு நானும் வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின் அந்த வகுப்புக்கு வந்திருக்கும் டீச்சர், “ஹாஸ்டல் சீட்டு போடறதுக்குக் கொடத்த விட்டுட்டு ஏன் அண்டாவ வச்சீங்க? பொண்ணுங்க ஆளுக்கொரு கத சொல்லுதுங்க. நீங்களே எழுதிடுங்க அக்கா” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பாடப் புத்தகத்துக் கணக்குகளில் நிறைய மாணவர்கள் வருவார்கள். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள். இருபத்தைந்து பேர் கபடி ஆடுவர், பதினெட்டுப் பேர் கோகோ ஆடுவர், எட்டுப் பேர் இரண்டும் ஆடுவர். ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால் அவர் எதுவும் ஆடாதவராக இருக்க என்ன வாய்ப்பு? கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் எட்டு என்று எழுதுவேன். கடைசியில் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். இரண்டு வட்டத்துக்கும் வெளியே, கட்டத்தின் மூலையில், பெயரில்லாத ஐந்து பேர். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில், ஜன்னலில் மலை மேல் மேகம் அசையாமல் நிற்கும். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த ஐந்து பேரும் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தபடி நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரிப்பார்கள். “டீச்சர் மலைக்குப் போயிட்டாங்கடி.”

சராசரியை நடத்தும்போது எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் குறித்தோம். கூட்டி வகுத்துச் சராசரியைக் கண்டுபிடித்து, அந்த உயரத்தில் சுவரில் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொருத்தியாக வந்து கோட்டுக்குக் கீழே நின்றாள். சிலருக்குத் தலை மேலே போனது, சிலருக்குக் கீழே நின்றது. கோட்டில் சரியாக ஒருத்தியும் பொருந்தவில்லை.

“சராசரிப் பொண்ணு இன்னிக்கு லீவு டீச்சர்” என்றாள் அமுதா. எங்கள் அடி அண்ணாமலைப் பெண். வாய் ஜாஸ்தி.

பெரிய டீச்சர் என்று எல்லோரும் அழைத்த தலைமையாசிரியையின் பெயர் அனந்தமதி. பக்கத்துக் கிராமம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக நெல்லும் கடலையும் பயிரிடும் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். வேலை நீண்டுவிட்டால் அறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பள்ளியிலேயே டப்பாவைத் திறப்பார். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். அந்தத் துணியைத் தன் கையால் அலசி, ஜன்னல் கம்பியில் ஒரு சுருக்கம் இல்லாமல் உலர்த்துவார். அவர் பேச்சும் வடிகட்டியது போலத்தான் இருக்கும். யாரையும் திட்டமாட்டார். தப்புச் செய்தவரைப் பார்த்து, “அப்புறம்?” என்பார். அதற்குமேல் தாங்காமல் எதிரில் நிற்பவர் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

பள்ளியை ஒட்டி ஒரு ஹாஸ்டல் இருந்தது. காலையில் மணி அடிப்பதற்குள் பஸ் வராத கிராமங்களிலிருந்து பதினொன்றாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் கல்யாணம், இல்லையென்றால் கடலை மில். இடமோ கொஞ்சம். கேட்டு வருபவர்கள் பல மடங்கு. முன்பெல்லாம் சிபாரிசு வரும், அரிசி மூட்டை வரும், யாராவது பெரிய மனிதரின் காரும் வரும். அதையெல்லாம் நிறுத்தவேண்டும் என்றுதான் பெரிய டீச்சர் திருவுளச்சீட்டு முறையைக் கொண்டுவந்தார். போதுமான மார்க் உள்ள எல்லோர் பெயரையும் எழுதிப் போட்டு எடுப்பது. யாரும் யாரையும் பிடிக்க வேண்டாம்.

அது நடக்கும் விதமே ஒரு சடங்கு போல இருக்கும். ஒரே தாளை ஸ்கேல் வைத்துக் கிழித்த துண்டுகள். எழுத்தர் அகரவரிசைப்படி ஒவ்வொரு பெயராகப் படிப்பார். பெரிய டீச்சர் அந்தச் சீட்டைக் கூடியிருக்கும் பெற்றோர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். “பாத்துட்டீங்களா?” என்று கேட்பார். பிறகு சுருட்டி, பளபளவென்று தேய்த்த சின்னப் பித்தளைக் குடத்துக்குள் போடுவார். அடுத்த பெயர். அடுத்த சீட்டு. எல்லாம் போட்டு முடித்ததும், “இனிமே இதை யாரும் தொடக் கூடாது” என்பார். யாரும் தொடமாட்டார்கள். குடத்தை நகர்த்தக்கூட மாட்டார்கள். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கவேண்டும். அவளுக்குத்தான் அந்தப் பெண்களில் யாரையும் தெரியாதே என்று கணக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அந்த ஆசிரியை நான். பெரிய டீச்சர் தன் கைக்குட்டையால் என் கண்ணைக் கட்டினார். சோப்பு வாசம். இருட்டுக்குள் தாய் தகப்பன்மார்களின் மூச்சும் ஒரு குழந்தையின் சிணுங்கலும் கோயில் மணியும் கேட்டன. குடத்தின் கழுத்து குறுகல். மணிக்கட்டு வரைதான் கை இறங்கியது. விரல் நுனியில் பட்டதை எடுத்துக் கொடுத்தேன். பெயரைப் படித்ததும் எங்கோ ஒரு தாய் அழுதுகொண்டே சிரித்தாள். விரல் நுனியில் ஒரு பெண்ணின் இரண்டு வருஷம் ஒட்டிக்கொண்டு வருவது போல இருந்தது. தூக்கத்தில் நடப்பவள் போல எடுத்துக்கொண்டே இருந்தேன். அடுத்தடுத்த வருஷங்களிலும் எனக்குப் பின் புதிதாக யாரும் வராததால் நானே எடுத்தேன்.

நான்காவது வருஷம், விண்ணப்பம் வாங்கும் நாளில், வேப்பமரத்தடியில் ஒருவர் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்தாவது முடித்த பெண். இடமே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூருக்கு அந்தாண்டை ஒரு குக்கிராமம். பெயர் ஏழுமலை.

“இப்பவே ஏன் பெட்டி? சீட்டு போடறது அடுத்த வாரந்தானேங்க” என்றேன்.

“சும்மா வந்தா சந்தேகமா வந்த மாதிரி இருக்கும்மா. பெட்டியோட வந்தா வந்ததுதான்” என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வெட்கம்.

“உன் பேரு?”

“உண்ணாமலை டீச்சர்.”

“அண்ணாமலையார் சம்சாரத்தோட பேரு வச்சிருக்கேன். அவரு விட்டுருவாரா?” என்றார் ஏழுமலை. பிறகு குரலைத் தாழ்த்தினார். “மூத்தவ அஞ்சல. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கும் எழுதிப் போட்டேன். வரல. இப்போ மில்லுல கடல ஒடைக்கறா. ஒருத்திக்கு வரலன்னா இன்னொருத்திக்கு வந்துதான ஆவணும்? நீங்க கணக்கு டீச்சராமே, சொல்லுங்க.”

மணி அடித்தது. அதைச் சாக்காக வைத்து நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். சொல்லியிருந்தால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அன்று மாலை, ஹாஸ்டலில் படிப்பு நேரம் பார்த்துக்கொள்ளும் முறை எனக்கு. வார்டன் பெயர் கூப்பிட்டாள். ராஜேஸ்வரி. ரேணுகா. லலிதா. வசந்தா. வள்ளியம்மை. விஜயா. வேண்டாமணி. ஜெயந்தி. ஜோதி. ஸ்டெல்லா. அந்தப் பெயர்கள் சாம்பிராணிப் புகைபோல வராந்தாவில் மிதந்துபோயின. நான் பாதிக் கனவில் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று முதுகு நிமிர்ந்தது. இந்த ஊரில் அருணா எத்தனை பேர், அண்ணம்மாள் எத்தனை பேர், உண்ணாமலை எத்தனை பேர்? தெருவில் நின்று கூப்பிட்டால் வீட்டுக்கு ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். இங்கே ஒருத்தி இல்லை. அகரவரிசையின் முதல் பாதி அந்த ஹாஸ்டலில் குடியிருக்கவே இல்லை. எப்படியோ தப்பி வந்த காந்திமதி ஒருத்தியைத் தவிர.

அகரவரிசையில் போட்ட சீட்டுகள். முதலில் போட்ட அஞ்சலை அடியில். கடைசியில் போட்ட ஜெயந்தி மேலே. யாரும் கலக்காத குடம். மணிக்கட்டோடு நின்றுபோன என் கை.

மறுநாள் பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். துணியைப் பானை வாயில் கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஊற்றுவதை நிறுத்தவில்லை.

“அப்புறம்?” என்றார்.

“அவ்வளவுதான் டீச்சர். அடியில இருக்கிற பேரு வர்றதுக்கு வழியே இல்ல.”

“எடுத்தது உன் கைதான? மேல இருக்கிறத எடுன்னு நான் சொன்னனா?”

“நீங்க சொல்லல. கொடத்தோட கழுத்து சொல்லுச்சு.”

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். “தனலட்சுமி, நான் ஏன் யாரையும் தொட விடறதில்ல தெரியுமா? நீ வர்றதுக்கு முந்தி, மொதல் வருஷம் குலுக்கினேன். குலுக்கற சாக்குல உள்ள ஒரு சீட்ட மாத்திட்டேன்னு ஒருத்தர் கத்தினாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன். போட்டது போட்டபடி இருக்கணும், ஒரு விரல் படக் கூடாதுன்னு. யாருக்கும் ஓரவஞ்சன பண்ணக் கூடாதுன்னு நான் வச்ச சட்டம் அது. இப்போ நீ வந்து அதுதான் ஓரவஞ்சனங்கற.”

“ஆமா டீச்சர்.”

வேறு யாராவது இருந்தால் ‘மன்னிச்சுக்குங்க’ என்று சேர்த்திருப்பார்கள். எனக்கு வரவில்லை. அவர் பானை வாயிலிருந்து துணியை அவிழ்த்து அலசத் தொடங்கினார்.

“நாளைக்கு உன் கிளாஸ்ல செஞ்சு காட்டு. நான் வர்றேன்.”

பன்னிரண்டாம் வகுப்பில் அந்தக் குடத்தையே கொண்டுவந்து வைத்தேன். வகுப்புப் பெண்கள் தங்கள் பெயர்களைச் சீட்டில் எழுதி அகரவரிசையில் வந்து நின்றார்கள். பெரிய டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து வந்தார். “என் பேரையும் போடு. வரிசப்படி எங்க வருமோ அங்க.” அனந்தமதி. அமுதாவுக்கு அடுத்து இரண்டாவதாக, குடத்தின் அடியில் அவர் சீட்டு விழுந்தது.

ஒவ்வொருத்தியாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்தாள். எடுத்த பெயர்களைப் பலகையில் எழுதினோம். மறுபடி எல்லாவற்றையும் வெளியே கொட்டி, வரிசையாகப் போட்டு, மறுபடி எடுத்தோம். பலகை நிறைந்தது. விஜயா, ஜோதி, ஜெயந்தி, வசந்தா, மறுபடி ஜெயந்தி. வகுப்பு சிரித்துச் சிரித்து ஓய்ந்தது.

“ஒனக்கு ஜெயந்தின்னு பேரு வச்சாரே ஒங்கப்பா, அவருக்கு மால போடணும்டி” என்றாள் அமுதா.

ஹாஸ்டலில் இருக்கும் ஜெயந்தியின் முகம் மாறிவிட்டது. “அப்போ நான் அதிர்ஷ்டத்துல வரலியா டீச்சர்? எழுத்துலதான் வந்தேனா?”

“மார்க் வாங்கினது நீதானே. அத யாரு எடுத்துக்க முடியும்?” என்றேன். அவள் உட்கார்ந்தாள். ஆனால் சமாதானமாகவில்லை. ஒரு கணக்கு சரியாக வந்தால் அது யாரையாவது உறுத்தத்தான் செய்யும் என்று அன்று புரிந்துகொண்டேன்.

கடைசி வரை அனந்தமதி என்ற பெயர் வரவே இல்லை. பெரிய டீச்சர் குடத்தைக் கவிழ்த்துத் தன் சீட்டைத் தேடி எடுத்தார். “நான் இந்த ஊர்ல படிச்சிருந்தா எனக்கு ஹாஸ்டல் கெடச்சிருக்காது போல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம், சீட்டுப் போடும் நாளன்று, குடம் இருந்த மேஜையில் வாய் அகன்ற பெரிய அண்டா ஒன்று இருந்தது. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பெயர்கள் படித்து, காட்டி, சுருட்டிப் போட்டாயிற்று. “இப்போ கலக்கணும்” என்றார்.

கூட்டம் முணுமுணுத்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “இத்தன வருஷம் தொடாதே தொடாதேன்னீங்க. இப்போ கலக்கணும்றீங்க. யாருக்காகம்மா?”

“யாருக்காகவும் இல்ல. நீங்களே வந்து கலக்குங்க. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் வாங்க.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் அந்த மனிதர் வந்தார். பிறகு வரிசை உருவானது. வளையல் போட்ட கைகள், பீடிக் கறை விரல்கள், மருதாணி உள்ளங்கைகள் எல்லாம் அண்டாவுக்குள் முழங்கை வரை இறங்கிச் சீட்டுகளைப் புரட்டின. களத்தில் கடலையைக் காயப்போட்டுப் புரட்டும் அதே அசைவோடு ஏழுமலை புரட்டினார், அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு. மகளைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். உண்ணாமலை சுவரோரம், பெட்டியின் மேல் கை வைத்து நின்றிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் கரைந்துகொண்டிருந்தது.

கண்ணைக் கட்டினார்கள். இந்த முறை என் கை அடி வரை போனது. எல்லாப் பெயர்களும் ஒரே மாதிரி, எல்லாம் தாள், எல்லாம் எடையற்றவை. ‘உண்ணாமலை, விரலுக்கு வா’ என்று மனதுக்குள் சொன்னேன். கணக்கு டீச்சர் சொல்லக் கூடாத வார்த்தை அது. சொன்னேன்.

அம்சவேணி வந்தது. கலைவாணி வந்தது. இந்திரா. ஜெகதாம்பாள். பவானி. அருணா என்று ஒருத்தி பெயர் வந்தபோது, வராந்தாவில் ஒரு கிழவர் “அண்ணாமலையாரே” என்று கத்தினார். பூக்கூடையைக் கவிழ்த்தது போல எல்லா எழுத்திலிருந்தும் பெயர்கள் வந்தன. கடைசிச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன். படித்தார்கள். மல்லிகா.

கட்டை அவிழ்த்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

“இப்போ சரியா?” என்றார் பெரிய டீச்சர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

“சரி டீச்சர்.”

“அப்புறம் ஏன் கண்ணு கலங்குது?”

“கைக்குட்ட சோப்பு டீச்சர்.”

அவர் அதற்கு ‘அப்புறம்?’ என்று கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தது. ஏழுமலை பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. “நல்லாத்தான் கலக்கினேன்மா. நானே கலக்கினேன். ரெண்டு பொண்ணு போட்டும் ரெண்டு பேருக்கும் வரலியே. அடுத்த வருஷம் மறுபடி போட்டா, அப்போ ஜாஸ்தி வாய்ப்பு இருக்குமில்ல?”

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பஸ் வரை அவர் நிம்மதியாக நடந்திருப்பார். நான் என் பாடத்தைச் சொன்னேன். “இல்லீங்க. ஒவ்வொரு தடவயும் புதுசுதான். மூத்த பொண்ணுக்கு வரலன்னு அண்டாவுக்குத் தெரியாது.”

அவர் தலையை ஆட்டினார். பெட்டியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

“அண்டாவுக்குத் தெரியாது. சரி. ஒங்களுக்குத் தெரியுமில்ல?”

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். யாருக்காவது தெரியும் என்றால் போதும் என்பதுபோலக் கேட்டார்.

நான் வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். நியாயமான சீட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததில் எனக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் நியாயமான சீட்டும் வெளியே சிலரை நிறுத்திவிட்டுத்தான் முடிகிறது. அவர்களை எந்த விதி கொண்டும் உள்ளே கூட்ட முடியாது. யாராவது போய்க் கூப்பிட்டால்தான் உண்டு.

“பெட்டிய எறக்குங்க” என்றேன். “தேரடிக்குப் பக்கத்துச் சந்துல என் வீடு. நானும் எங்க அத்தையுந்தான். உண்ணாமல எங்க வீட்டுலருந்து பள்ளிக்கூடம் போவட்டும்.”

ஏழுமலை பெட்டியை இறக்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள்தான் முதலில் அசைந்தாள். அவர் தோளிலிருந்து பெட்டியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அத்தை வாசலிலேயே மறித்தாள். “யாருடி இது?”

“சீட்டுல பேரு வராத பொண்ணு.”

“வராத பொண்ணையெல்லாம் கூட்டியாந்தா கூடத்துல நான் எங்க படுக்கறது?” என்றாள். என்றாலும் உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள். போடும் சத்தம் கேட்டது. உண்ணாமலையும் கேட்டிருக்கவேண்டும்; அப்போதுதான் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

இரண்டு வருஷம் எங்களோடு இருந்தாள். படிப்பில் அபாரம் என்று சொல்லமாட்டேன். விடாப்பிடி. கணக்கு வராவிட்டால் அதே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள், விழித்ததும் அங்கிருந்தே தொடங்குவாள். பிறகு கல்லூரி. இப்போது விளைச்சல் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறாள். எந்த வயலில் அறுத்து எடைபோடுவது என்பதை தற்செயல் எண்களின் அட்டவணை பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். தன் மனதுக்குப் பிடித்த வயலைத் தொடக் கூடாது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயிகள் அவளிடம் சண்டைக்கு வருவார்களாம். “எங்க வயல்ல நல்லா வெளஞ்சிருக்கு, அத விட்டுட்டு அந்த மொட்டக் காட்டுல ஏம்மா அறுக்கற?” என்று. எண் வந்தால்தான் வருவேன் என்பாளாம். தன் கல்யாணத்துக்கு முன்பே அஞ்சலையை மில்லிலிருந்து நிறுத்தித் தையல் கற்க அனுப்பினாள்.

உண்ணாமலைக்குப் பின் ஒவ்வொரு ஜூனிலும் இரண்டு மூன்று பெண்கள் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். அத்தைக்குச் சமையலறையில்தான் பாய். பெரிய டீச்சர் பணி முடிந்து ஊருக்குப் போகும்வரை, தெரிந்தும் தெரியாதவர் போல இருந்தார். ஒரே ஒருநாள் மட்டும், ஒரு மூட்டை பச்சைக் கடலையைத் தன் ஊர் வண்டியில் அனுப்பி, “வீட்டுல சாப்புடறவங்க ஜாஸ்தியாமே” என்று சொல்லி அனுப்பினார்.

அவருக்குப் பின் நிலைமை மாறியது. ஆசிரியைகள் மாணவிகளை வீட்டில் தங்கவைக்கக் கூடாது என்று, அரசு உதவி பெறும் எங்கள் பள்ளியின் நிர்வாகம் முடிவு செய்தது. டியூஷன் பணத்துக்கு ஆசைப்பட்டுத்தான் தங்கவைக்கிறேன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காரணம் முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். வேறு ஊர்களில் அப்படி நடந்திருக்கலாம். வேலையா, கூடத்தில் பாய் விரித்திருக்கும் பெண்களா என்று என்னைக் கேட்டார்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் அரசாங்கச் சம்பளத்தை நானே நிறுத்தினேன். அப்பா இரண்டு நாள் வண்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து, “சாமானெல்லாம் எங்க எறக்கணும்?” என்றார்.

அடி அண்ணாமலையில், மலையைச் சுற்றி வரும் பாதையை ஒட்டி, கிணறு வைத்த ஓட்டு வீடு ஒன்று காலியாக இருந்தது. அதை எடுத்துவிட்டேன். காலையில் டவுன் பஸ் இருக்கிறது. சாயங்காலம் நான் டுடோரியலில் கணக்கு நடத்துகிறேன். வீட்டுச் செலவுக்கு ஒருவாறு ஆகிறது. இந்த ஜூனில் சீட்டு முடிந்த அன்று, பள்ளி வாசலில் நின்று, பெயர் வராத பெண்களின் அப்பா அம்மாக்களிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினேன். எல்லோரும் நம்பவில்லை. சிலர் நம்பினார்கள்.

பழைய பெண்கள் கூடத்திலேயே பாய் விரித்துக்கொண்டார்கள்; புதிதாக முதலில் வந்த இரண்டு பெண்களுக்கும் வந்த அன்றே சண்டை. பெரிய அறையில் மலை தெரியும் ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது. அதன் கீழே பாய் விரிக்கும் இடம் யாருக்கு என்று இருவரும் முறைத்துக்கொண்டார்கள். “சீட்டுப் போட்டுடலாம் டீச்சர்” என்றாள் ஒருத்தி. தாளைக் கிழிக்கவே தொடங்கிவிட்டாள்.

வேண்டாம் என்றேன். நேற்றுக் கொத்தனாரை வரச்சொல்லி, அதே சுவரில் இன்னொரு ஜன்னலுக்கு அளவு காட்டினேன். இப்போது சுவர் பாதி உடைந்திருக்கிறது. செங்கல் தூசியில் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.